மூக்கில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய்

தென்காசி,
ஆனிக் கடைசி.

மகனே,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு காரியம் கேட்டிருக்கிறாய். பட்டணத்தில் உன் அறையில் வளர்க்கும் வெள்ளை எலி இரண்டில் ஒன்று தும்முகிறது, மூக்கோரம் சிவப்பாக வழிகிறது, மூச்சு விடும்போது கிர் கிர் என்கிறது, என்ன செய்யலாம் என்பது ஒன்று. ஆவணியில் உன் கல்யாணத்தன்று காலையில் உன் தலையில் எண்ணெய் வைக்கும் சடங்கை உன் தாய்மாமாதான் செய்ய வேண்டும், நான் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: ‘ஊசி மட்டும் வேண்டாம் அப்பா.’ அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீளமான பதில். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரின் மகன், படித்தவன், நாளைக்குக் குடும்பஸ்தன். ஒன்பது வயதில் உன் மாமா காதில் ஓதியதை இன்னும் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறாய். நானும் இத்தனை வருஷம் பொறுத்தாயிற்று. இனிமேல் முடியாது. இது உனக்கு மட்டுமான கடிதம் என்று நினைக்காதே. கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதுகிறேன். நகல் உன் மாமாவின் மரக்கடைக்குப் போகிறது. அவர் படிக்கட்டும், அவர் கணக்குப்பிள்ளை படிக்கட்டும், மரம் வாங்க வருகிறவர்களும் படிக்கட்டும்.

முதலில் எலி. நம் சண்டை காத்திருக்கும், நுரையீரல் காத்திருக்காது. அந்தச் சிவப்பைப் பார்த்து நீ பயந்திருப்பாய். அது ரத்தம் இல்லை. எலிக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி உண்டு, அதில் ஊறும் நீரே சிவப்புத்தான். சுகமாக இருக்கும் எலி அதை முன்னங்காலால் துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும். துடைக்கத் தெம்பில்லாதபோது வழிந்து காய்ந்து நிற்கும். வெந்நீரில் நனைத்த பஞ்சால் நீயே துடைத்துவிடு. பிறகு எலியைக் கையில் எடுத்து, அதன் விலாவை உன் காதோடு வைத்துக் கேள். நல்ல நுரையீரலில் சத்தமே இருக்காது. ஈர விறகு எரிவதுபோலச் சிடுசிடுப்பு கேட்டால் சளி கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்தது கூண்டு. தரையில் குப்புறப் படுத்து, கூண்டின் தட்டுக்கு நேராக உன் மூக்கை வைத்து முகர்ந்து பார். நின்றுகொண்டு முகர்ந்து ‘நாற்றமே இல்லையே அப்பா’ என்று எழுதாதே. எலி அந்த உயரத்தில்தான் நாள் முழுக்க மூச்சு விடுகிறது. மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா நெடி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி வைக்கும், கிருமிக்கு அப்புறம் வேலை சுலபம். தினமும் தட்டைக் கழுவிக் காயவை. கிழித்த காகிதமோ பழைய வேட்டித் துணியோ போடு. மரத்தூள் மட்டும் போடாதே. நீ சின்னப் பிள்ளையாய் எலி வளர்த்தபோது உன் மாமா கடையிலிருந்து ‘மருமவன் எலிக்கு மெத்தை’ என்று சாக்கு சாக்காக வாசனை மரத்தூள் வந்து இறங்கியதே, மூக்கில் ஏறினால் மனுஷனுக்கே தும்மல் வரும், அதுதான் முதல் கேடு. அவருடைய தாராளம் எல்லாமே இப்படித்தான், அடுத்தவன் நுரையீரலில் போய் இறங்கும்.

மருந்து டெட்ராசைக்ளின். பென்சிலின் வாங்காதே. பென்சிலின் கிருமியைச் சுற்றியிருக்கும் சுவரைத்தான் கெடுக்கும், இந்தக் கிருமிக்குச் சுவரே கிடையாது. இல்லாத சுவரில் போய் முட்டி என்ன பயன்? மருந்தைக் குடிதண்ணீரில் கலக்காதே, கசந்தால் எலி தண்ணீரையே விட்டுவிடும். பாலில் கொடுக்காதே, பால் அந்த மருந்தைப் பாதி தின்றுவிடும். மசித்த வாழைப்பழத்தில் பட்டாணி அளவு உருட்டி, மருந்தை நடுவில் வைத்து, அது முழுக்கத் தின்னும்வரை பக்கத்தில் இரு. எடையைத் தபால் ஆபீஸ் தராசில் நிறுத்து எனக்கு எழுது, அளவை நான் சொல்கிறேன். உன் யூகத்தில் போடாதே. இரண்டு எலியையும் பிரிக்காதே. ஒன்றுக்கு வந்தது இன்னொன்றுக்கும் ஏற்கெனவே வந்திருக்கும், தனியாகப் போட்டால் ஏங்கித் தின்னாமல் கிடக்கும். வெதுவெதுப்பாகக் குழைந்த சோறு கொடு. சத்தம் குறைந்துவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. இந்த நோய் அடங்குமே தவிர அடியோடு போகாது. குளிர் பட்டால், பயந்தால், இடம் மாறினால் மறுபடி தலைதூக்கும். வாயால் தின்கிறவரை ஊசி வேண்டாம், நானே சொல்கிறேன். தின்பதை நிறுத்திவிட்டால் ஊசிதான், வேறு வழி இல்லை. அப்போதும் நீ ‘ஊசி வேண்டாம்’ என்று உட்கார்ந்திருந்தால், அந்த எலியைக் கொன்றவன் நீதான். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது.

இப்போது உன் பழைய எலி சீனிக்கு வருகிறேன். குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் அருவிக்குப் போகிற வழியில் முளைக்கும் கடைகளில் ஒருவன், வட்டமாக நம்பர் போட்ட பொந்துகளை வைத்து நடுவில் வெள்ளை எலியைத் திறந்துவிடுவான். எலி எந்தப் பொந்தில் நுழைகிறதோ அந்த நம்பர்காரனுக்குச் சீப்போ சோப்போ கிடைக்கும். நீ சீப்பைப் பார்க்கவில்லை, சோப்பைப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு தகர டப்பாவில் தும்மிக்கொண்டு கிடந்த இரண்டு எலிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாய். கடைக்காரன் என்னிடம், “எடுத்துக்கிட்டுப் போங்க சார். இதுக ஓட மாட்டேங்குது. தும்முததுக்கே அதுகளுக்கு நேரம் பத்தல” என்றான். என் சட்டைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சீனி, கற்கண்டு என்று பெயர் வைத்தது நீ. எலி வைத்தியம் எனக்கு அப்போது புதிது. மாடு, ஆடு, கோழி எல்லாம் பாடத்தில் இருந்தன, எலி ஆராய்ச்சி சாலைக்கான பிராணியாக மட்டும் இருந்தது. ஆனாலும் நுரையீரல் நுரையீரல்தானே. மரத்தூளைக் கொட்டிவிட்டுத் துணி போட்டேன். இரண்டுமே தின்பதை விட்டிருந்ததால், மருந்தை நீர்க்கவைத்துக் கழுத்துக்குப் பின்னால் தளர்ந்திருக்கும் தோலுக்கு அடியில் ஊசி போட்டேன். அந்த மருந்து எரியும். சீனி கத்தியது. நீயும் கூடவே கத்தினாய். இரண்டே நாளில் இரண்டும் சோறு தின்ன ஆரம்பித்தன. அதை நீ மறந்துவிட்டாய். கத்தியது மட்டும் உனக்கு நினைவிருக்கிறது.

ஆடியில் மாட்டு வெக்கை நோய்க்குத் தடுப்பூசி போட நான் சிவகிரிப் பக்கம் முகாமுக்குப் போனேன். போகும்போது உன்னிடமும் உன் அம்மாவிடமும் சொன்ன வார்த்தை இது: எலிக்கு ஈரம் படக் கூடாது, குளிர்காற்று படக் கூடாது. நான் பஸ் ஏறியதும் உன் மாமா காரோடு வந்தார். தங்கச்சியையும் மருமகனையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். நீ எலிக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறாய். அங்கே நடந்ததை உன் வாயாலேயே கேட்டவன் நான். உன் அம்மா பெண்கள் குளிக்கிற பக்கம் போய்விட்டாள். மாமா பாறையில் உட்கார்ந்து உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கூண்டைப் பார்த்தாராம்.

“ஏலே மருமவனே, அது என்னலே இன்னும் கிர்ருங்குது? ஒங்க அப்பன் குத்து குத்துன்னு குத்தியும் கொணமாவலியா?”

“கொணமாயிட்டு வருது மாமா. ஈரம் படக் கூடாதுன்னு அப்பா சொன்னாங்க.”

“ஒங்க அப்பன் மாட்டு டாக்டருலே. இது குத்தாலத் தண்ணி. மலையில உள்ள மூலிகையெல்லாம் மோதிக்கிட்டு வருது. இதுக்கு மிஞ்சுன டாக்டரு எங்கன இருக்கான்? கொண்டா அத.”

குளிக்குமுன் காதிலும் மூக்கிலும் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக்கொள்வது நம் ஆட்களின் பழக்கம். மனுஷன் உறிஞ்சிக் காறித் துப்பிவிடுவான். எலிக்குத் துப்பத் தெரியாது. வாயால் மூச்சு விடவும் தெரியாது, மூக்கு ஒன்றுதான் அதற்கு வழி. முதலில் அவர் கற்கண்டைத்தான் பிடித்தார். அது அவருடைய வலது கை மோதிர விரலை எலும்பு வரை கடித்துவிட்டுக் கூண்டுக்குள் ஓடிவிட்டது. அந்தக் கடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு கூடுதலாக இறங்கும். சீனி கடிக்காத ஜாதி. அதன் உடம்பெல்லாம் எண்ணெய் தடவி, மூக்கில் இரண்டு சொட்டு விட்டு, அருவியில் தெறிக்கும் தண்ணீரில் காட்டியிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். நீயும் சிரித்திருக்கிறாய், உன்னைக் குறை சொல்லவில்லை, மாமா வைத்தியம் பார்க்கிறார் என்று நம்பியவன் நீ. திரும்பி வரும் வழியில், காருக்குள், உன் மடியிலேயே சீனி செத்துப்போனது. அப்போது உன் மாமா உன்னை இழுத்து அணைத்துக்கொண்டு சொன்னதையும் நீதான் எனக்குச் சொன்னாய். “அழாதலே மக்கா. ஒங்க அப்பன் போட்ட ஊசியில வெசம் ஏறிட்டு. அருவித் தண்ணி பட்டதும் வெசம் வெளிய கிளம்பி, உசுர வாங்கிட்டு. இத அப்பன்கிட்டச் சொல்லாத, பாவம், சங்கடப்படுவான்.” எவ்வளவு கச்சிதம் பார். கொன்றது நான், அதை மறைத்துக் காப்பாற்றுகிறவர் அவர்.

அன்று ராத்திரி முகாமிலிருந்து நான் திரும்பியபோது சீனி துணியில் சுற்றிக் கிடந்தது. மயிரில் நல்லெண்ணெய் வாடை. எனக்குச் சந்தேகம் வந்தால் நான் யாரையும் விசாரிக்கமாட்டேன், திறந்து பார்ப்பேன். பலகையில் வைத்து அறுத்தேன். நீ வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய், உன் அம்மா உன் கண்ணைப் பொத்தியும் விரலிடுக்கு வழியாகப் பார்த்தாய். மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் எடுத்து ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு அழுத்தினேன். தண்ணீர்மேல் வட்டம் வட்டமாக எண்ணெய் மிதந்தது. உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எண்ணெய் நுரையீரலுக்குள் போயிருக்கிறது, அதனால்தான் செத்தது” என்றேன். நீ கிண்ணத்தைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த கத்தியைப் பார்த்தாய். “மாமா நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. நீங்கதான் ஊசி போட்டீங்க. இப்ப அறுத்தும் போட்டுட்டீங்க” என்று நடந்ததையெல்லாம் கத்திக் கொட்டிவிட்டு ஓடினாய். அன்றிலிருந்து நீ வீட்டில் எதுவாயிருந்தாலும் அம்மாவிடம் கேட்டாய், வெளியில் எதுவாயிருந்தாலும் மாமாவிடம் கேட்டாய். உனக்குக் காய்ச்சல் வந்தால் நான் தொட்டுப் பார்க்க வரும்போது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வாய். கற்கண்டுக்கும் அதே ஊசி, அதே மருந்து, அதே கைதான் போட்டது. அது எலிகள் சாதாரணமாக வாழ்வதற்கும் மேலே வாழ்ந்து, கிழமாகி, நரைக்க இடமில்லாத மயிரோடு செத்தது. அதைப் பார்த்தாவது உனக்கு உறைக்கும் என்று நினைத்தேன். உறைக்கவில்லை.

அந்தக் கிண்ணத்தை நான் கொட்டவில்லை. மறுநாள் காலையில் மேலே ஒரு தட்டு மூடி, சைக்கிளில் ஒரு கையால் பிடித்தபடி உன் மாமாவின் மரக்கடைக்குக் கொண்டுபோனேன். மேசைமேல் வைத்துத் தட்டை எடுத்தேன். விரலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“என்ன மாப்ளே, காலையிலயே பாயாசமா?”

“உங்க நல்லெண்ணெய் மச்சான். எலி நுரையீரல்ல இருந்து எடுத்தது. நல்லாப் பாருங்க.”

அவர் பார்த்தார். மரத்தைப் பார்த்தே அதன் வயதைச் சொல்கிறவர், எண்ணெயைத் தெரியாதா? கடை ஆட்களைக் கையசைத்து வெளியே போகச் சொன்னார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார். “சரிவே, எண்ணெதான்னே வச்சுக்குவோம். இப்ப என்ன? எலிதானே?”

“எலிதான். என் பிள்ளைகிட்ட வந்து, ‘ஊசி இல்லை, நான் விட்ட எண்ணெய்’னு சொல்லுங்க. அது போதும்.”

“அதெப்படி மாப்ளே சொல்ல முடியும்? மருமவன்கிட்ட மாமனுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா? நீரு அப்பன். அப்பன்மேல பிள்ளைக்குக் கோவம் இருந்தா நாலு நாள்ல மாறிரும். மாமன்மேல வந்தா மாறாதுவே.”

உன்னிடம் நான் சொல்ல வந்ததே இதுதான். எண்ணெய் விட்டது அறியாமை. அதை நான் என்றைக்கோ மன்னித்துத் தள்ளியிருப்பேன். தினமும் நூறு பேர் மாட்டுக்கு அதைத்தான் செய்கிறார்கள். உண்மை தெரிந்த பிறகு, தன் மதிப்புக்காக என் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டாரே, அதைத் தள்ள மாட்டேன். அவர் சொன்ன நாலு நாள் இன்னும் முடியவில்லை. ‘ஊசி மட்டும் வேண்டாம் அப்பா’ என்று நேற்றுத்தான் வந்திருக்கிறது. அதோடு அவர் சும்மா இருந்தாரா? அச்சன்புதூரில் கல்யாண வீடு, ஆய்க்குடியில் சடங்கு வீடு, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “எங்க மாப்ளே எலிக்கு ஊசி போட்ட கத தெரியுமாவே?” என்று ஆரம்பிப்பார். பந்தி முழுக்கச் சிரிக்கும். நான் மோரை வாங்காமல் எழுந்துவிடுவேன்.

ஒரு தடவை பதிலுக்குப் பதில் செய்தேன். நீ அப்போது பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தாய். அவருடைய வண்டிமாடு ஒன்று மூச்சு வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தது. வயிற்று உப்புசம் என்று யாரோ சொல்லி, மூங்கில் குழாயில் எண்ணெயை ஊற்றித் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், பாதி வயிற்றுக்கும் பாதி நுரையீரலுக்கும் போய்விட்டது. மாட்டோடு எனக்குப் பகை இல்லை. முதலில் ஊசி போட்டு, நிழலில் கட்டி, செய்ய வேண்டியது எல்லாம் செய்தேன். பிறகு சீட்டு எழுத உட்கார்ந்தேன். முற்றத்தில் நல்ல கூட்டம். “எண்ணெய் எது வழியா நுரையீரலுக்குப் போச்சு மச்சான்? நீங்க சொல்லித்தான் நான் எழுதணும்” என்றேன். முனகினார். “கேட்கலை” என்றேன். “தப்பான வழியில போயிட்டுவே, போதுமா?” என்று கத்தினார். “எண்ணெய் நுரையீரலுக்குப் போனா என்ன ஆகும்?” “செத்துப்போகும்.” “இது மாட்டுக்கு மட்டுமா, எல்லா ஜீவனுக்குமா?” அவர் முகம் கறுத்துப்போனது. “எல்லாத்துக்கும்தான்” என்றார். மாடு பிழைத்தது. அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது. ஆனால் நீ அந்த முற்றத்தில் இல்லை. நீ கேட்காதபோது அவர் சொன்னது எனக்குப் பாதிதான்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கல்யாணத்தன்று உன்னைச் செய்யச் சொல்லப்போவதையும் சொன்னேன். ஒளித்து அனுப்பும் வழக்கம் எனக்கு இல்லை. வெற்றிலையை மடித்தபடியே கேட்டாள். “கல்யாண வீட்டுல போயா இத எடுக்கணும்? ஒரு எலிக்காவ எங்க அண்ணன நடுச்சபையில நிறுத்தப் போறீயளா?” என்றாள்.

“எலிக்காக இல்லை. பையனுக்காக.”

“அவன் இப்ப என்ன, ஒங்களோட பேசாமலா இருக்கான்?”

“பேசுதான். ஊசி வேண்டாம்னு பேசுதான்.”

வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு, “எண்ணெ வாடைய அன்னைக்கே நானும் பாத்தேன். அண்ணன்கிட்டக் கேக்க எனக்கு வாய் வரல” என்றாள். போதும். தபாலில் சேர்க்க வேண்டாம் என்று அவள் அதற்குமேல் சொல்லவில்லை.

உன் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். நான் குறுக்கே நிற்கமாட்டேன். உன் மாமா தாராளமாக வரட்டும், பட்டுவேட்டி கட்டி, மேளத்தோடு, எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்தி வரட்டும். உன்னை மணையில் உட்காரவைத்து, அருகம்புல்லை எண்ணெயில் தோய்க்க வலது கையை நீட்டுவார். மோதிர விரலைப் பார். நகத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கும், கற்கண்டு வைத்த தழும்பு. புல் உன் தலையில் படுவதற்கு முன்னால், பெண்வீட்டாரும் நம் ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நீ உரக்க ஒரு கேள்வி கேட்க வேண்டும். “மாமா, மூக்குலயும் ரெண்டு சொட்டு விடுவியளா?” அவ்வளவுதான். வேறு பேச்சு வேண்டாம், என்னைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். இந்த நகலைப் படித்துவிட்டு அவர் மூன்று விதமாக நடக்கலாம். வராமலே இருக்கலாம், அப்படியானால் அந்த எண்ணெயை உன் அம்மா வைப்பாள். வந்து, கேள்வியைக் கேட்டதும் எல்லார் முன்னாலும் “ஆமாலே, நான் விட்ட எண்ணெதான், ஒங்க அப்பன் ஊசி இல்ல” என்று சொல்லலாம். சொன்னால் அவரே வைக்கட்டும், என் பங்குக்குக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்போதும் மன்னித்தேன் என்று எடுத்துக்கொள்ளாதே, பிடித்துக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான். அல்லது பழையபடி சிரித்து மழுப்பலாம். மழுப்பினால் நீ அவர் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். உண்மை தெரிந்தவன் கை, கிண்ணத்தில் எண்ணெய் தளும்பும். தளும்பினால் மணையைவிட்டு எழுந்துவிடு.

எலியின் எடையை உடனே எழுது.

அப்பா